‘கீழே போ’ அல்ல குடோன்: ஒரு துறைமுகச் சொல் வந்த பாதை

போன மாதம் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் பெரியப்பாவின் குரல் பதிவு ஒன்று வந்தது.

“ஏம்மா, நீ யூனிவர்சிட்டியில தமிழ்தானே படிச்ச? குடோனுங்கிறது வெள்ளைக்காரன் ‘கோ டவுன்’னு, அதாவது கீழே போன்னு சொன்னதுலருந்து வந்துச்சாமே. பேரன் ஏதோ வீடியோவுல பார்த்துட்டுச் சொல்றான். முப்பது வருசம் அங்கதான் வேலை செஞ்சேன். எனக்கே தெரியாம போச்சே, நெசமா?”

பெரியப்பா போர்ட் கிள்ளானில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் ‘பெரியப்பா குடோனுக்குப் போயிருக்கார்’ என்றால் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். தோட்டத்தில் இருந்தவர்கள் உரமும் மண்வெட்டியும் வைக்கும் இடத்தை ‘ஸ்டோர்’ என்றார்கள். துறைமுகத்திலும் பட்டணத்திலும் இருந்தவர்கள் ‘குடோன்’ என்றார்கள். இரண்டும் ஆங்கிலம்தான் என்று நானும் பள்ளி நாளில் நினைத்திருந்தேன்.

பெரியப்பாவின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: இல்லை, அந்த வீடியோ சொன்னது தவறு. ஆனால் சரியான பதில் ஒரு வரியில் அடங்காது. அது மலாக்கா வழியாகப் போகிறது. அங்கே நம் ஆட்களும் நிற்கிறார்கள்.

லண்டனில் தெரியாத ஆங்கிலச் சொல்

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கோடவுன்’ ஆங்கில அகராதியில் இருக்கும் சொல்தான். ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ சரக்கு வைக்கும் கட்டடத்தை அப்படிச் சொல்வதில்லை. அங்கே ‘வேர்ஹவுஸ்’ என்பார்கள். இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங் என்று கிழக்குக் கடற்கரைப் பட்டணங்களில்தான் இந்தச் சொல் புழங்குகிறது. இங்கிலாந்தில் பிறந்த சொல்லாக இருந்தால் அங்கே இல்லாமல் இங்கே மட்டும் எப்படி இருக்கும்? கடல் வணிகத்துக்கு வந்த ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கத்தில் காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதுவே முதல் தடயம்.

அடுத்த தடயம் பழைய எழுத்துகளில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. பெகு துறைமுகத்துக்குப் போய்வந்த வெனிஸ் வணிகர் ஒருவரின் பயணக் குறிப்பு ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது அது வந்தது. அதில் எழுத்துக்கூட்டல் ‘கோடவுன்’ அல்ல, ‘கோடோன்’. ‘கோ’, ‘டவுன்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் பிரித்துப் பார்க்கும்படி தெரிவது பின்னால் வந்த எழுத்துக்கூட்டலில்தான். பழக்கமில்லாத ஒலியைக் காது தனக்குத் தெரிந்த ஒலியாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

இப்படிக் காது செய்யும் வேலைக்கு ஒரு நல்ல உதாரணம் ஓர் அகராதியின் பெயரிலேயே உண்டு. கிழக்கு நாடுகளில் ஆங்கிலேயர் பேசிய கலப்புச் சொற்களைத் தொகுத்து ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் என்ற இருவர் உருவாக்கிய ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886-இல் வெளிவந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகால் நூலகச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவரும் அவரே. அகராதி வெளிவருவதற்கு முன்பே 1882-இல் இறந்துவிட்டார். மொகரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்ற முழக்கத்தைக் கேட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதை ‘ஹாப்சன்-ஜாப்சன்’ ஆக்கினார்கள். அதையே அகராதிக்குப் பெயராக வைத்தார்கள். ‘கோடோன்’ ‘கோ டவுன்’ ஆனதும் இதே கதைதான்.

மலாக்காவில் 1511

ஆங்கிலேயர்களுக்கு முன்பே இந்தச் சொல்லைப் போர்த்துக்கீசியர்கள் எழுதியிருக்கிறார்கள். அல்புகெர்க் 1511-இல் மலாக்காவைப் பிடித்தார். அந்தச் சம்பவத்தை 1552-இல் வெளிவந்த வரலாற்றில் எழுதிய காஸ்டன்ஹெடா, கொள்ளையிடப்பட்ட சரக்குக் கட்டடங்களை இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார். கிராம்பு, சாதிக்காய், சாதிபத்திரி, சந்தனக்கட்டை என்று அவற்றில் இருந்ததைச் சிப்பாய்களால் தூக்கி முடிக்க இயலவில்லையாம்.

மலாக்காவில் கால் வைத்த முதல் ஆங்கிலேயர்களில் ஒருவரான ரால்ஃப் ஃபிட்ச் அங்கே வந்தது 1588-இல். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600-இன் கடைசி நாளில். ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே சொல் இங்கே இருந்திருக்கிறது. அப்படியானால் ஆங்கில ‘கோ டவுன்’ அதற்கு மூலமாக இருக்க வழியே இல்லை. பெரியப்பாவின் பேரன் பார்த்த வீடியோ இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

போர்த்துக்கீசியர்கள் எழுதியது ‘குடாவ்ன்’ போன்று மூக்கால் முடியும் ஒரு வடிவம். அது மலாய்மொழியின் ‘குடாங்’ என்ற சொல்லை ஒட்டியது. இன்றும் மலாயில் சரக்கு வைக்கும் கட்டடம் ‘குடாங்’தான். கடையில் ‘குடாங் காரம்’ என்ற இந்தோனேசியச் சிகரெட்டுப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கிழக்கு ஜாவாவின் கெடிரியில் 1958-இல் தொடங்கிய நிறுவனம் அது. அந்தப் பெயருக்கு அர்த்தம் உப்புக் கிடங்கு.

குடாங்... கிடங்கு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விஷயம் இங்கேதான் சுவையாகிறது.

யாருடைய சரக்கு?

அன்றைய மலாக்காவில் வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள் இருந்தார்கள். 1512 முதல் மலாக்காவில் இருந்த டோமே பிரெஸ் என்ற போர்த்துக்கீசியர் இதை எழுதி வைத்திருக்கிறார். குஜராத்திகளுக்கு ஒருவர். சீனர்களுக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும் ஒருவர். ஜாவா, மலுக்கு பக்கத்தவர்களுக்கு ஒருவர். நான்காமவர் சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு. கப்பல் வந்ததும் அதன் தலைவரைப் பெண்டாஹாராவிடம் அழைத்துப் போவது ஷாபந்தரின் வேலை. சரக்கு இறக்க யானை ஏற்பாடு செய்வதும், சரக்கை வைக்க ஒரு குடாங் ஒதுக்கித் தருவதும் அவர் பொறுப்பே.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களை அன்று ‘கெலிங்’ என்றார்கள். இன்று அது நம்மைப் புண்படுத்தும் வசைச்சொல். அன்றோ தமிழரும் தெலுங்கரும் அடங்கிய பெரிய வணிகக் கூட்டத்தின் பெயர். அவர்கள் கொண்டுவந்த முக்கியச் சரக்கு துணி. துணியைக் கொடுத்துத்தான் மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் வாங்க முடிந்தது. காசைவிடத் துணிக்கு மதிப்பு இருந்த காலம்.

அந்தத் துணி எங்கே கிடந்தது? மலாக்காவிலேயே பிறந்த மனுவேல் கோடின்ஹோ டி எரேடியா 1613-இல் எழுதிய நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. ஊரில் வீடுகள் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆனவை. ஒரு பொறி விழுந்தால் தெருவே எரியும். ஆகவே வணிகர்கள் சோழமண்டலத் துணிகளைத் தீக்குப் பயந்து நிலத்தடிக் கட்டடங்களில் வைத்தார்கள் என்கிறார் அவர். அந்த நிலத்தடிக் கட்டடத்துக்கு அவர் தரும் பெயர் நம் குடோன்தான்.

சொல்லின் பயணத்தில் நம் முன்னோர் எங்கோ தூரத்தில் நிற்கவில்லை. போர்த்துக்கீசியர் அந்தச் சொல்லைக் காதால் கேட்ட ஊரில், அந்தக் கட்டடத்துக்குள் இருந்தது நம் பக்கத்து நெசவாளர் நெய்த துணி.

கிடங்கு என்றால் பள்ளம்

இனி தமிழ்ப் பக்கம் வருவோம். கிடங்கு என்பது ‘கிட’ என்ற வினையிலிருந்து வந்த பெயர். பொருள் கிடக்கும் இடம் கிடங்கு. இன்று நாம் அந்த அர்த்தத்தில்தான் எழுதுகிறோம். சங்க நூல்களிலோ கிடங்கு என்றால் கோட்டையைச் சுற்றித் தோண்டிய அகழி. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் ஊர்களில் ஒன்று கிடங்கில். இன்றைய திண்டிவனம் பகுதியில் இருந்த கோட்டை ஊர் அது. மலையாளத்தில் ‘கிடங்ஙு’ என்றால் இன்றும் அகழி, பள்ளம்.

ஆகத் தமிழில் தோண்டிய பள்ளம் ஒரு கிடங்கு, பொருள் கிடக்கும் இடமும் கிடங்கு. மலாக்காவிலோ நிலத்தடியில் துணி வைத்த இடம் குடாங். பார்த்த மாத்திரத்தில் ‘ஆஹா!’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பல்கலைக்கழக முதலாண்டில் ஒரு கட்டுரையில் ‘குடோன் நூறு விழுக்காடு தமிழ்ச் சொல்லே’ என்று எழுதிவிட்டேன். விரிவுரையாளர் ‘நூறு விழுக்காடு’ என்பதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். பக்கத்தில் மூன்று சொற்கள் எழுதியிருந்தார்: காலம், ஒலி, பொருள்.

சொல் வரலாறு தேடும் யாரும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இவை. கொடுத்ததாகச் சொல்லும் மொழியில் அந்தச் சொல் முன்பே இருந்ததா? ஒலி மாறியதற்கு மற்றச் சொற்களிலும் ஒழுங்கு தெரிகிறதா? பொருள் ஒத்துப்போகிறதா, இரண்டு மக்களும் சந்தித்த இடம் உண்டா?

காலத்தில் குடோன் தேறுகிறது. கிடங்கு போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியது. பொருளும் நெருங்கி வருகிறது. சந்தித்த இடம் மலாக்கா. இதே கடைத்தெருவில் தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொற்கள் பல உண்டு: கடை ‘கெடாய்’ ஆனது, முதல் ‘மோடால்’ ஆனது, கப்பல் ‘காபால்’, பெட்டி ‘பெத்தி’. எல்லாமே வியாபாரச் சொற்கள். கிடங்கும் அவற்றோடு போயிருந்தால் வியப்பில்லை.

ஒலியில்தான் சிக்கல். கடைசி உகரம் விழுந்ததை ஏற்கலாம். கிடங்கு என்பதன் ஈற்றில் இருப்பது குற்றியலுகரம். தமிழரே அதை அரைகுறையாகத்தான் ஒலிப்பார்கள், வேற்றுமொழியார் காதில் விழாமல் போகலாம். ஆனால் ‘கி’ எப்படிக் ‘கு’ ஆனது? வன்மையாகத் தொடங்கும் நம் ககரம் எப்படி ‘கங்கை’யின் முதல் எழுத்துபோல் அதிர்ந்து ஒலிக்கும் ககரமாக மாறியது? இரண்டுக்கும் நேரான விதி சொல்ல முடியவில்லை. தெலுங்கில் சரக்கு வைக்கும் இடத்துக்கு ‘கிட்டங்கி’ என்று சொல். அதில் முதலெழுத்து அதிர்ந்தே ஒலிக்கும். கன்னடத்தில் ‘கடங்கு’ உண்டு, அதுவும் அப்படியே. ஆகச் சொல்லைக் கொண்டுபோனது தமிழ் வாயா தெலுங்கு வாயா என்று அறுதியிட முடியாது. ஒரே கப்பலில் இருவரும் வந்திருக்கலாம்.

அகராதிகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஆக்ஸ்ஃபர்ட் அகராதி ஒன்று, தமிழ், மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளிலிருந்து போர்த்துக்கீசியர் நேரடியாக எடுத்தார்கள் என்கிறது. வேறு அகராதிகள் மலாய் வழியாக வந்தது என்று சொல்லி, மலாய்க்கு அது தென்னிந்தியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று ‘லாம்’ போடுகின்றன. மூன்றாவது கருத்தும் உண்டு. பழைய ஜாவா மொழியில் ‘கெடோங்’ என்றால் கட்டடம். இந்தோனேசியாவில் இன்றும் பெரிய கட்டடம் ‘கெடுங்’தான். ஆகவே குடாங் இந்தத் தீவுகளின் சொந்தச் சொல்லாகவே இருக்கலாம் என்பார்கள் சிலர். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

என் கணிப்பைக் கேட்டால், தென்னிந்தியக் கரையிலிருந்து மலாக்காவுக்கு, அங்கிருந்து போர்த்துக்கீசியருக்கு, அவர்களிடமிருந்து ஆங்கிலேயருக்கு என்ற வழியே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் நானும் ‘லாம்’ போட்டுத்தான் சொல்வேன். சிவப்பு வட்டம் இன்னும் நினைவிருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் தமிழே மூலம்’ என்ற பட்டியல்கள் புலனத்தில் வாரம் ஒன்று வருகின்றன. எட்டுதான் ‘எய்ட்’ ஆனது என்று அதில் இருக்கும். ஆங்கில எட்டுக்கு இலத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’ என்று தெளிவான சொந்தக் குடும்பம் இருக்கிறது. தமிழ் எட்டோடு ஒலி ஒத்தது தற்செயல். அதே பட்டியலில் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் இருக்கும். இவை ‘கட்டமரான்’, ‘செரூட்’, ‘மல்லிகடாவ்னி’ என்று ஆங்கிலத்துக்குப் போனது உண்மை. பொய்யோடு சேர்த்து அனுப்பும்போது இந்த உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளியில் நம் பிள்ளை எழுந்து நின்று சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் அந்தப் பிள்ளை தமிழைப் பற்றி வாயே திறக்காது.

லெபோ அம்பாங்கின் கிட்டங்கி

தெலுங்குக் ‘கிட்டங்கி’யைச் சொன்னேன். அந்தச் சொல் நம் ஊர்களில் தமிழாகவே வாழ்ந்திருக்கிறது. நகரத்தார்களைக் கேட்டுப் பாருங்கள்.

19-ஆம் நூற்றாண்டில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த செட்டியார்கள் தொழில் நடத்திய கட்டடத்துக்குப் பெயர் கிட்டங்கி. சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கில் பினாங்கு ஸ்திரீட், கோலாலம்பூரில் லெபோ அம்பாங் ஆகிய இடங்களில் இவை இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கடைவீடு. உள்ளே நீளமான கூடம். இரு பக்கமும் பாய் விரித்து, முழங்கால் உயர மேசைப்பெட்டியின் முன் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு மேசையும் ஒரு தனி வட்டிக்கடை. இரவில் அங்கேயே படுக்கை. எல்லாருக்கும் சேர்த்து ஒரு சமையற்காரர். ஊரிலிருந்து வரும் முகவர் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் இருந்து கணக்கு முடித்துத் திரும்புவார். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் நகர மறுசீரமைப்பில் மறைந்துவிட்டன.

கிட்டங்கி என்றால் அகராதியில் பண்டகசாலை. இங்கேயோ அது ஆட்கள் உட்கார்ந்து பணம் புரட்டிய இடத்துக்குப் பெயராகிவிட்டது. ஒரே தெருவில், ஆற்றோரத்தில் சரக்கு இருந்த கட்டடம் ஆங்கிலப் பெயரில் கோடவுன், மலாய்ப் பெயரில் குடாங். அதற்குப் பின்னால் கடன் கொடுத்த கட்டடம் கிட்டங்கி. மூன்றும் ஒரே குடும்பம் என்று அங்கே நடந்துபோனவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

குடும்பம் இன்னும் பரந்தது. இந்தியில் ‘கோதாம்’, சிங்களத்தில் ‘குதாம’, தாய்லாந்தில் ‘கோதங்’. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘எண்ணெய்க் குதம்’ என்று படிக்கிறோமே, அந்தக் குதமும் இந்த உறவுக்காரர்களையே நினைவூட்டுகிறது.

பெரியப்பாவுக்குப் பதில்

இதையெல்லாம் சுருக்கி நான்கு நிமிடக் குரல் பதிவாகப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். வெள்ளைக்காரன் ‘கீழே போ’ என்றதால் வந்ததல்ல. நம்முடையது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் நம் கரையிலிருந்து புறப்பட்டதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன, அது பேர் வாங்கிய ஊரில் நம் சரக்கு இருந்தது நிச்சயம் என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. இரண்டு நீலக் கோடுகள் மட்டும் தெரிந்தன. பிறகு ஒரு பதிவு வந்தது.

“கிடக்கிற எடம் கிடங்கு. அது சரிதான்மா. சாமான் மாசக் கணக்குல கிடக்கும். கப்பல் லேட்டாச்சுன்னா நாங்களும் அரிசி மூட்டை மேலேயே கிடப்போம். வீட்டுக்குப் போயி வர நேரமிருக்காது.” கொஞ்சம் நிறுத்தி, “இத பேரன்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டான்” என்றார்.

பேரனிடம் சொன்னேன். அவன் கேட்டது இரண்டே கேள்வி. முதலாவது, “அக்கா, அப்ப அந்த வீடியோ பொய்யா?” இரண்டாவது, “தாத்தா எந்தக் குடோன்ல வேலை செஞ்சாரு?”

முதல் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். இரண்டாவதற்குத் தாத்தாவிடமே போகச் சொன்னேன். போர்ட் சுவெட்டன்ஹாம் என்று 1901-இல் திறக்கப்பட்டு 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய அந்தத் துறைமுகத்தில், எந்த எண் கிடங்கில் எந்த வாசலில் தாத்தா நின்றார் என்பது அகராதியில் கிடைக்காது. வீட்டில் கேட்டால்தான் கிடைக்கும்.

உங்கள் வீட்டிலும் துறைமுகத்திலோ தோட்டத்து ஸ்டோரிலோ ரயில்வேயிலோ வேலை செய்தவர்கள் இருப்பார்கள். வேலையிடத்தில் எந்தச் சாமானுக்கு என்ன பேர் சொன்னார்கள் என்று ஒரு மாலை உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். மூலம் தேடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலம், ஒலி, பொருள் என்ற மூன்று கேள்விகளையும் மறந்துவிடாதீர்கள்.